புகைப்பட லென்ஸில் வீடியோ: வளையம் சுழலும் நேரத்தில்

பழைய புகைப்பட லென்ஸ்களை வீடியோ கேமராவில் பொருத்துவது பற்றிக் கேட்கும் நண்பர்கள் பெரும்பாலும் ஓர் அட்டவணையையே எதிர்பார்க்கிறார்கள். எந்த மவுண்டுக்கு (கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய்) எந்த அடாப்டர் (இடையில் வரும் இணைப்பு வளையம்), எந்த லென்ஸ் எந்தக் கேமராவில் உட்காரும் என்பதே அவர்களுடைய கேள்வியாக இருக்கிறது. கண்ணாடியில்லாக் கேமராக்கள் எனப்படும் மிரர்லெஸ் கேமராக்கள் வந்த பிறகு அது கடினமான கேள்வியே அல்ல. ஏறத்தாழ எந்தப் பழைய லென்ஸையும் அவற்றில் பொருத்திவிடலாம். பொருத்திய பிறகு அந்த லென்ஸ் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன். புகைப்படம் எடுப்பவருக்கு ஃபோகஸ் வளையம் என்பது ஓர் இடத்துக்குப் போய்ச் சேரும் வழி மட்டுமே. சேர்ந்த பிறகு ஷட்டரை அழுத்துகிறார், வழியில் என்ன நடந்தது என்பது படத்தில் இருப்பதில்லை. வீடியோவிலோ அந்த வழி முழுவதும் பதிவாகிறது. வளையம் சுழலும் அந்த இரண்டு மூன்று நொடிகளுக்காக வடிவமைக்கப்படாத ஒரு கருவியை அந்த நொடிகளுக்குப் பயன்படுத்துகிறோம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், இந்த வேலையில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கிவிடும்.

இருந்தாலும் அடாப்டரிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனெனில் முதல் தவறு அங்கேதான் நேர்கிறது. ஒவ்வொரு மவுண்டுக்கும், லென்ஸ் வந்து அமரும் உலோக விளிம்பிலிருந்து, ஒளியைப் பதியும் சென்சார் வரை ஒரு நிலையான தூரம் உண்டு. அதை ஃபிளாஞ்ச் தூரம் என்கிறார்கள். நிக்கான் எஃப் மவுண்டுக்கு அது 46.5 மி.மீ., கேனான் இ.எஃப். மவுண்டுக்கு 44 மி.மீ., அதற்கு முந்தைய கேனான் எஃப்.டி. மவுண்டுக்கு 42 மி.மீ., திருகி மாட்டும் எம்42 லென்ஸ்களுக்கு 45.46 மி.மீ. ஒரு லென்ஸின் ஃபிளாஞ்ச் தூரம் கேமராவினுடையதைவிட அதிகமாக இருந்தால், இடைவெளியை நிரப்ப ஒரு வெற்று உலோக வளையம் போதும். குறைவாக இருந்தால், லென்ஸைக் கேமராவுக்குள் தள்ள முடியாது என்பதால், தொலைவில் உள்ளவற்றின் மீது ஃபோகஸ் வராது. இடையில் ஒரு கண்ணாடி வில்லையைச் சேர்க்க வேண்டும், அது படத்தின் தரத்தைக் குறைக்கும். எஃப்.டி. லென்ஸ்கள் இ.எஃப். கேமராக்களில் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டதற்கு இந்த 2 மி.மீ. வித்தியாசமே காரணம். சோனி இ மவுண்டின் தூரம் 18 மி.மீ. மட்டுமே, நிக்கான் இசட் மவுண்டுக்கு 16 மி.மீ. அந்தக் கேமராக்களுக்கு முன்னால் தாராளமான இடம் கிடைத்ததும், அதே எஃப்.டி. லென்ஸ்கள் மறுபடியும் தேடப்படும் பொருள்களாயின.

வெற்று உலோக வளையம்தானே, அதில் என்ன தவறு நேரும் என்று நானும் நினைத்திருந்தேன். நிக்கான் லென்ஸ்களை இ மவுண்டில் பொருத்த நான் முதலில் வாங்கிய அடாப்டரில் 50 மி.மீ. லென்ஸ் குறையின்றி வேலை செய்தது. அறைக்குள் பேட்டிகள் எடுத்துக்கொண்டிருந்தவரை எந்தச் சந்தேகமும் எழவில்லை. பிறகு ஒரு நாள் 24 மி.மீ. லென்ஸை மாட்டி, தொலைவில் மலைத்தொடர் தெரியும் ஒரு காட்சியை, ஒளி புகும் துளையான அப்பர்ச்சரை அகலத் திறந்து, எஃப் 2.8-இல் எடுத்தேன். ஃபோகஸ் வளையம் முடிவிலிக் குறியில் முட்டி நின்றது. மலைகளோ மங்கலாகவே இருந்தன. அதே லென்ஸை எஃப் 8-க்கு மூடினால் எல்லாம் கூர்மையாகிவிடுவதால், லென்ஸ் திறந்த நிலையில் தரமற்றது என்று முடிவு செய்து அதைப் பல மாதங்கள் ஒதுக்கி வைத்தேன். குற்றம் லென்ஸில் இல்லை. 46.5-இலிருந்து 18-ஐக் கழித்தால் 28.5 வரவேண்டும்; மைக்ரோமீட்டரை வைத்து நான்கு இடங்களில் அளந்தபோது அடாப்டரின் தடிமன் 28.6 மி.மீ. இருந்தது.

ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இவ்வளவு செய்யுமா என்று ஐயுறுபவர்கள் ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். குவியத் தொலைவை (50 மி.மீ., 24 மி.மீ. என்று லென்ஸில் எழுதியிருக்கும் எண்) தன்னாலேயே பெருக்கி, மிகையான தடிமனால் வகுத்தால், அந்த லென்ஸ் ஃபோகஸ் செய்யக்கூடிய மிகத் தொலைவான புள்ளி ஏறத்தாழக் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸுக்கு 2500-ஐ 0.1-ஆல் வகுத்தால் 25 மீட்டர். அறைக்குள் எடுப்பவருக்கு அது ஒரு குறையாகவே தெரியாது. 24 மி.மீ. லென்ஸுக்கு அதே கணக்கு 5.8 மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. அகன்ற கோண லென்ஸ்களைத்தான் அடாப்டரின் பிழை முதலில் தாக்குகிறது. பல தயாரிப்பாளர்கள் இதற்கு அஞ்சியே அடாப்டரை வேண்டுமென்று சற்று மெல்லியதாகச் செய்கிறார்கள். அப்போது முடிவிலி கிடைத்துவிடும், ஆனால் வளையத்தில் பொறித்திருக்கும் தூர அளவுகள் எல்லாம் பொய்யாகிவிடும். வளையம் முட்டி நிற்கும் இடம் முடிவிலி அல்ல, அதற்கும் அப்பால். புகைப்படக்காரர் திரையைப் பார்த்துச் சரிசெய்துகொள்வார். ஓடும் காட்சியில், குறியை நம்பி வளையத்தைத் திருப்புகிறவருக்கு அது பெரிய இடர். என் அடாப்டரின் இரு பாதிகளுக்கு இடையே மெல்லிய தகடுகள் இருந்தன. ஒன்றை எடுத்துவிட்டதும் மலைகள் தெளிந்தன.

இந்த ஆசை மிரர்லெஸ் காலத்தில் பிறந்தது அல்ல. 1997-இல் வந்த கேனான் எக்ஸ்.எல்.1 வீடியோ கேமராவுக்கே இ.எஃப். லென்ஸ்களைப் பொருத்தும் அடாப்டர் இருந்தது. ஆனால் அதன் சென்சார் மிகச் சிறியது என்பதால் கோணம் 7.2 மடங்கு சுருங்கியது, 50 மி.மீ. லென்ஸ் 360 மி.மீ. லென்ஸைப் போல நடந்துகொண்டது. பறவைகளைப் படம்பிடிப்பவர்களுக்கு அது வரம். முகங்களை எடுப்பவர்களுக்குப் பயனில்லை. அடுத்து வந்த வழி எனக்கு இன்றும் வியப்பூட்டுவது. புகைப்பட லென்ஸ் தன் படத்தை ஒரு தேய்த்த கண்ணாடியின் மேல் வீழ்த்தும். வீடியோ கேமரா தன் சொந்த லென்ஸால் அந்தக் கண்ணாடியை அருகிலிருந்து படம்பிடிக்கும். கண்ணாடியின் துகள்கள் தெரியாமலிருக்க அதைச் சுழற்றினார்கள் அல்லது அதிரவைத்தார்கள். படம் தலைகீழாகத் தெரிந்தது, வெளிச்சம் வெகுவாக வீணானது, கருவியின் நீளம் முழங்கையளவு ஆனது. பி+எஸ் டெக்னிக் நிறுவனத்தின் மினி35, ரெட்ராக், லீட்டஸ் போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. பின்புலம் மென்மையாகக் கரையும் ஒரே ஒரு தோற்றத்துக்காக மனிதர்கள் அவ்வளவு சிரமத்தையும் ஏற்றுக்கொண்டார்கள்.

2008-இல் வீடியோவும் எடுக்கும் புகைப்படக் கேமராக்களான நிக்கான் டி90, கேனான் 5டி மார்க் 2 ஆகிய இரண்டும் வந்தபோது அந்தத் தேய்த்த கண்ணாடிகளின் காலம் முடிந்தது. அப்போது நடந்த ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். 5டி மார்க் 2 தொடக்கத்தில் வீடியோ எடுக்கும்போது அப்பர்ச்சரைத் தானே தீர்மானித்தது. பயனரால் அதைக் கட்டுப்படுத்த முடியவில்லை. ஆகவே பலர் கேனான் கேமராவில் நிக்கானின் பழைய லென்ஸ்களை மாட்டினார்கள். அவற்றின் அப்பர்ச்சர் வளையம் லென்ஸிலேயே இருந்ததால் கேமராவால் தலையிட முடியவில்லை. 46.5-க்கும் 44-க்கும் இடையிலுள்ள 2.5 மி.மீ. இடைவெளியில் ஒரு மெல்லிய வளையம் சரியாகப் பொருந்தியது. 2009-இல் வந்த மென்பொருள் மேம்பாடு அந்தத் தேவையை நீக்கிவிட்டது. ஆனால் அதற்குள் பலருடைய கைகள் பழைய உலோக வளையங்களுக்குப் பழகிவிட்டிருந்தன, அவர்கள் திரும்பிப் போகவில்லை.

அந்தப் பழக்கத்துக்கு நல்ல காரணம் உண்டு. தற்கால ஆட்டோஃபோகஸ் லென்ஸ் ஒன்றை எடுத்து வளையத்தைத் திருப்பிப் பாருங்கள்: மிக அருகிலிருந்து முடிவிலி வரையிலான பயணம் பெரும்பாலும் கால் வட்டத்துக்குள் முடிந்துவிடும். சிறிய மோட்டார் விரைவாக நகர்த்துவதற்கு அது ஏற்றது. மனிதக் கை மெல்ல நகர்த்துவதற்கு அது போதாது. ஒரு பாகை கூடினால் கண்ணிலிருந்த ஃபோகஸ் காதுக்குப் போய்விடும். கையால் மட்டுமே இயக்கப்பட்ட காலத்து லென்ஸ்களில் இந்தப் பயணம் அரை வட்டமும் அதற்கு மேலும் இருக்கும். சினிமா லென்ஸ்களில் அது 270 பாகை, 300 பாகை வரை நீள்கிறது. மிரர்லெஸ் கேமராக்களுக்கென்றே செய்யப்பட்ட லென்ஸ்கள் பலவற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு: வளையத்துக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பே இல்லை. வளையம் ஒரு மின்குறிப்பை அனுப்புகிறது, மோட்டார் கண்ணாடியை நகர்த்துகிறது. வேகமாகத் திருப்பினால் அதிகமாகவும், மெதுவாகத் திருப்பினால் குறைவாகவும் நகரும் வகை லென்ஸில் ஒரே நகர்வை இருமுறை செய்ய முடியாது. ஒத்திகையில் போட்ட குறி, காட்சியில் வேறெங்கோ போய் நிற்கும். படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், கையால் ஃபோகஸ் நகர்த்தும் காட்சிகளுக்கு அத்தகைய லென்ஸை நான் எடுப்பதில்லை.

திருப்பும் திசையையும் கவனிக்க வேண்டும். நிக்கான் லென்ஸ்கள், கேனான் லென்ஸ்களுக்கும் பெரும்பாலான சினிமா லென்ஸ்களுக்கும் எதிர்த்திசையில் சுழல்கின்றன. ஒரே படப்பிடிப்பில் இரண்டு வகைகளையும் கலந்து வைத்துக்கொண்டால், அவசரத்தில் கை ஒரு முறையாவது தவறான பக்கம் திரும்பும். என் கை திரும்பியிருக்கிறது, அந்தப் பேட்டியில் பேசியவர் அதே சொற்களை அதே உணர்வோடு மறுபடி சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரு படப்பிடிப்புக்கு ஒரே குடும்பத்து லென்ஸ்களை மட்டுமே எடுத்துச் செல்கிறேன்.

வளையம் சுழலும்போது படத்தின் எல்லை சற்றே சுருங்குவதையும் விரிவதையும் கவனித்திருப்பீர்கள். மூச்சு வாங்குதல் என்ற பொருளில் இதற்கு ‘பிரீதிங்’ என்று பெயர். எல்லாக் கண்ணாடிகளும் சேர்ந்து முன்னால் நகரும் எளிய பழைய லென்ஸ்களில், அருகில் ஃபோகஸ் செய்யும்போது கோணம் குறுகும். உள்ளேயிருக்கும் சில கண்ணாடிகள் மட்டும் நகரும் லென்ஸ்கள் சிலவற்றில் கோணம் அதற்கு மாறாக விரியும். புகைப்படத்தில் இது பொருட்டே அல்ல. வீடியோவிலோ, முன்னால் நிற்பவரிடமிருந்து பின்னால் நிற்பவருக்கு ஃபோகஸ் மாறும்போது சிறிய ஜூம் போலத் தெரிந்து, பார்ப்பவரின் கவனத்தைக் கதையிலிருந்து லென்ஸுக்கு இழுத்துவிடும். இதை முற்றிலும் நீக்க வழியில்லை. லென்ஸைத் தேர்ந்தெடுக்கும்போதே, அப்பர்ச்சரை நன்றாக மூடி வைத்து, வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுழற்றி, படத்தின் ஓரங்களை மட்டும் பார்க்க வேண்டும். கூர்மைச் சோதனைக்கு மணிக்கணக்காகச் செலவிடுகிறவர்கள் இந்த அரை நிமிடச் சோதனையைச் செய்வதில்லை என்பது எனக்கு வருத்தமளிக்கிறது. உயர் தெளிவு வீடியோவின் ஒரு சட்டகம் சுமார் 20 லட்சம் புள்ளிகளைக் கொண்டது, நான்கு கே என்றால் 80 லட்சத்துக்குச் சற்று மேல். நல்ல பழைய லென்ஸ்களில் பல இந்த அளவுக்குத் தாராளமாகப் போதுமானவை. குறை கூர்மையில் அரிதாகவே இருக்கிறது.

அடாப்டரின் ஆட்டமும் இங்கேதான் வெளிப்படும். மவுண்டுக்கும் அடாப்டருக்கும் இடையில் மயிரிழை அளவு தளர்வு இருந்தால்கூட, வளையத்தின் திசையை மாற்றும் ஒவ்வொரு முறையும் லென்ஸ் முழுவதும் சற்றுத் திரும்பி நிற்கும். படம் ஒரு சிறு துள்ளல் துள்ளும். அடாப்டரைக் கையில் வைத்துப் பார்க்கும்போது இது தெரியாது. லென்ஸை மாட்டி, பதிவுசெய்து, பெரிய திரையில் பார்த்தால்தான் தெரியும். கேமராவுக்கு அடியில் 15 மி.மீ. குழாய்களைப் பொருத்தி, லென்ஸையோ அடாப்டரையோ கீழிருந்து தாங்கினால் பெருமளவு குறையும். கனமான லென்ஸ்களுக்கு அந்தத் தாங்கல் எப்படியும் தேவை. முழு எடையையும் கேமராவின் மவுண்டில் தொங்கவிடக் கூடாது.

அப்பர்ச்சர் வளையத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் (ஸ்டாப்; வெளிச்சம் இரட்டிக்கும் அல்லது பாதியாகும் படி) ‘டக்’ என்று ஒலிக்கும் தடை இருக்கும். கண்ணால் பார்க்காமல் எண்ணிக்கொள்ளப் புகைப்படக்காரருக்கு அது உதவி. காட்சி ஓடும்போது அப்பர்ச்சரை மாற்றினால் வெளிச்சம் படிப்படியாகத் தாவும், ஒலியும் பதிவாகும். பல லென்ஸ்களில் இந்தத் தடையை உண்டாக்குவது வளையத்தின் அடியிலுள்ள ஒரு சிறிய எஃகுக் குண்டு. பழுதுபார்ப்பவர் அதை எடுத்துவிட்டால் வளையம் வழுக்கிக்கொண்டு நகரும். எடுத்த குண்டைச் சிறு உறையில் போட்டு லென்ஸின் பெயரை எழுதி வைக்கச் சொல்லுங்கள். நிக்கானின் ஜி வகை லென்ஸ்களில் அப்பர்ச்சர் வளையமே இல்லை. அடாப்டரிலுள்ள வளையம் லென்ஸின் நெம்புகோலைத் தள்ளும், ஆனால் எந்த எண்ணில் நிற்கிறோம் என்பது தெரியாது. கேனான் இ.எஃப். லென்ஸ்கள் 1987-இலிருந்தே முழுக்க மின்கட்டுப்பாட்டில் இயங்குகின்றன என்பதால், மின்தொடர்பு இல்லாத வளையத்தில் அவற்றை மாட்டுவதில் பயனில்லை. எம்42 லென்ஸ்கள் பலவற்றில், பின்னாலுள்ள ஊசியை அழுத்தினால்தான் அப்பர்ச்சர் மூடும். லென்ஸில் தானியங்கி, கைமுறை என்று மாற்றும் விசை இருந்தால் கவலையில்லை, இல்லாவிட்டால் உள்விளிம்பு ஊசியை அழுத்திப் பிடிக்கும் அடாப்டராகத் தேடி வாங்க வேண்டும்.

புகைப்பட ஜூம்களைப் பற்றி ஒரே வரி போதும்: ஜூம் செய்யும்போது அவற்றில் பெரும்பாலானவை ஃபோகஸை விட்டுவிடும், ஆகவே காட்சியின் நடுவே ஜூம் செய்யாதீர்கள்.

சிறிய சென்சாருடைய கேமராக்களில் அகன்ற கோணத்தை இழப்பதற்கு 2013-இல் மெட்டாபோன்ஸ் வெளியிட்ட ஸ்பீட் பூஸ்டர் நல்ல விடையாக வந்தது. முழுச் சட்டக லென்ஸ் (35 மி.மீ. ஃபிலிம் அளவுக்குச் செய்யப்பட்டது) சுமார் 43 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் படத்தை வீழ்த்துகிறது. சிறிய சென்சார் அதன் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வீணாக்குகிறது. இந்த அடாப்டருக்குள் இருக்கும் கண்ணாடித் தொகுதி அந்த வட்டத்தை 0.71 மடங்காகச் சுருக்குவதால், அதே ஒளி சிறிய பரப்பில் விழுகிறது. 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் 35.5 மி.மீ. எஃப் 1.0 ஆகிவிடுகிறது, ஒரு நிறுத்தம் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கிறது. இடையில் கண்ணாடியைச் சேர்த்தால் தரம் குறையும் என்று மேலே சொன்னேன். விரிப்பதற்கான கண்ணாடிக்கு அது பொருந்தும், சுருக்குவதற்கான நல்ல கண்ணாடி குறைகளையும் சேர்த்தே சுருக்கிவிடுகிறது. கேமராவுக்குள் அதிர்வுத் தடுப்பு இருந்தால், கையால் இயக்கும் லென்ஸின் குவியத் தொலைவை நாம்தான் பதிய வேண்டும்; பூஸ்டர் மாட்டியிருக்கும்போது 50 அல்ல, 35 என்று பதியுங்கள். தவறான எண்ணைக் கொடுத்தால், நிலையாக நிற்கும் காட்சி மிதப்பதைப் போல அசையும்.

இத்தனை வெளிச்சம் வெயிலில் தொல்லையாகிவிடுகிறது. நொடிக்கு 25 சட்டகங்கள் எடுக்கும்போது ஷட்டரை 1/50-இல் வைப்பது வழக்கம். அப்போதுதான் அசைவு இயல்பாகத் தோன்றும். நல்ல வெயிலில், ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு) 800-இல், எஃப் 2-இல் எடுக்க வேண்டுமென்றால் பத்து நிறுத்தங்களைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடி, தேவைப்படும். சுழற்றி மாற்றும் வகை ஃபில்டர்கள் வசதியானவை, ஆனால் அகன்ற கோணத்தில் மிகக் கருமையாக்கினால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே அடாப்டர் பிடித்துக்கொள்ளும் வெற்றிடத்திலேயே ஃபில்டரைச் செருகும் அடாப்டர்களும் உள்ளன. எல்லா லென்ஸ்களுக்கும் ஒரே ஃபில்டர் போதும் என்பதால், வாய்ப்பிருந்தால் நான் அதையே விரும்புவேன்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புகைப்படங்களை ஒவ்வொன்றாகத் திருத்தலாம். வீடியோவில் இரண்டு லென்ஸ்களில் எடுத்த காட்சிகள் அடுத்தடுத்து வெட்டி ஒட்டப்படுகின்றன, வேறுபாடு உடனே கண்ணில் படும். 1960-களிலும் 1970-களிலும் செய்யப்பட்ட சில லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது. காலப்போக்கில் அது மஞ்சளாகிவிடும். புற ஊதா ஒளியிலோ வெயிலிலோ பல நாள்கள் வைத்தால் மஞ்சள் குறையும். வெள்ளைத் தாளின் மேல் லென்ஸ்களை வரிசையாக வைத்து அவற்றினூடே பார்த்தாலே எது தனித்து நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

இறுதியில் கையும் வளையமும் சந்திக்கும் இடத்துக்கு வருகிறேன். ஃபோகஸ் வளையத்தில் பற்சக்கரப் பட்டை ஒன்றைப் பொருத்தினால், பக்கவாட்டிலுள்ள பெரிய சக்கரத்தால் அதைச் சுழற்றலாம். சினிமாக் கருவிகள் பெரும்பாலானவற்றில் பற்களின் அளவு 0.8 மாடுல் என்பதால் அதையே வாங்க வேண்டும். லென்ஸுக்குள்ளிருக்கும் மசகு காய்ந்து இறுகியிருந்தால் அந்தச் சக்கரத்தாலும் பயனில்லை: தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டு பிறகு திடீரென்று விடுபடும் வளையத்தில் மெதுவான நகர்வைச் செய்யவே முடியாது. மசகை மாற்றிய பிறகு அதே லென்ஸ் எண்ணெயில் நகர்வதைப் போல நகரும்போது கிடைக்கும் நிறைவு எனக்குப் புதிய லென்ஸ் வாங்கும் மகிழ்ச்சியைவிடப் பெரியது.

பொறித்த அளவுகளை நான் இப்போது படிப்பதே இல்லை. ஒவ்வொரு லென்ஸின் வளையத்தைச் சுற்றியும் வெள்ளை ஒட்டுநாடாவை ஒட்டியிருக்கிறேன். கேமராவின் மேலுள்ள சென்சார் குறியிலிருந்து அளவுநாடாவை இழுத்து, ஒரு மீட்டர், ஒன்றரை, இரண்டு, மூன்று, ஐந்து என்று ஒரு அச்சிட்ட தாளை நகர்த்தி வைத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்து, ஃபோகஸ் உட்காரும் இடத்தில் பென்சிலால் கோடு போடுகிறேன். நாடாவின் ஓரத்தில் எந்த அடாப்டர் என்றும் எழுதிவைக்கிறேன். அடாப்டரை மாற்றினால் நாடாவை உரித்துவிட்டு மறுபடி அளக்கிறேன். ஒரு லென்ஸுக்குக் கால் மணி நேரம் ஆகிறது.